முகத்தை அளந்த வரலாறு

தச்சர் மரத்தை அளக்கிறார். கொத்தனார் சுவரை அளக்கிறார். காஞ்சிபுரத்துத் தறிக்காரர் பாவை முழம் போட்டு அளக்கிறார். இவையெல்லாம் நேராக நீட்டிப் பிடித்து அளக்கத்தக்க பொருள்கள். மனிதனின் முகம் அத்தகையதன்று. அதில் நேர்கோடு என்பதே இல்லை. மேடும் பள்ளமும் சரிவும் வளைவுமாக அமைந்த அப்பரப்பில் ஓர் அரிசியளவு கூடினாலும் குறைந்தாலும் பெற்ற தாய்க்கும் அடையாளம் தடுமாறும். அத்தகைய முகத்தை நோயோ போரோ விபத்தோ சிதைத்துவிட்டால், அதனைச் செப்பனிடப் புகும் மருத்துவர் முதற்கண் அதனை அளந்தாக வேண்டும். கத்தியைக் கையில் எடுக்கும் முன்னரே, காரியம் முடிந்தபின் முகம் எவ்வாறு இருக்கும் என்பதையும் கண்டாக வேண்டும். அளத்தல், முன்கூட்டிக் காணல் என்னும் இவ்விரு தேவைகளும் ஆயிரம் ஆண்டுகளுக்கும் மேலாக அறிஞர் பலரை உழைக்கச் செய்துள்ளன.

இன்று சென்னையிலும் அதனைச் சூழ்ந்த ஊர்களிலும் உள்ள பல் மருத்துவக் கல்லூரிகளிலும் பெரிய மருத்துவமனைகளிலும் நோயாளியின் முகத்தை விரலால் தொடாமலே ஒளியைக் கொண்டு அளந்து, முப்பரிமாண உருவமாகக் கணிப்பொறித் திரையில் நிறுத்துகின்றனர். தாடையை முன்னே நகர்த்தினால் என்ன ஆகும், பல் வரிசையைத் திருத்தினால் உதடு எங்கே நிற்கும் என்பதைத் திரையிலேயே செய்து காட்டுகின்றனர். இதனை நேற்று மேல்நாட்டில் முளைத்த விந்தை எனப் பலர் கருதுகின்றனர். இதன் வேர்களோ அரபு நாட்டிலும், ஹிந்துஸ்தானத்திலும், பட்டு நெய்யும் ஊர்களிலும் ஓடிக் கிடக்கின்றன. பட்டு நகராம் காஞ்சியில் வாழும் நமக்கு இவ்வரலாற்றை எடுத்துரைக்கத் தனி உரிமையும் உண்டு என்பதைப் போகப் போகக் காண்போம்.

அர்ஃபஜாவின் மூக்கு

நமது ஹதீஸ் கிரந்தங்களில் அர்ஃபஜா இப்னு அஸ்அத் (ரலி) என்னும் நபித்தோழரைப் பற்றிய செய்தி ஒன்று உண்டு. அறியாமைக் காலத்தில் நிகழ்ந்த குலாப் என்னும் போரில் அவருடைய மூக்கு துண்டிக்கப்பட்டது. அவர் வெள்ளியால் மூக்கு ஒன்று செய்து பொருத்திக் கொண்டார். நாளடைவில் அவ்வெள்ளி கெட்டு நாற்றமெடுத்தது. நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அவரைப் பொன்னால் மூக்கு செய்து வைத்துக் கொள்ளுமாறு பணித்தார்கள். அபூதாவூத், திர்மிதீ, நஸாயீ ஆகிய மூன்று இமாம்களும் இதனைப் பதிவு செய்துள்ளனர். ஆண்கள் பொன் அணிதல் விலக்கப்பட்ட மார்க்கத்தில், சிதைந்த முகத்தைச் சீர் செய்யும் தேவைக்காகப் பொன் அனுமதிக்கப்பட்டது என்பதே இதன் சிறப்பு. பல்லைப் பொன்னால் கட்டிக்கொண்ட அறிஞர்களுக்கு இந்த ஹதீஸிலே ஆதாரம் இருப்பதாக இமாம் திர்மிதீ குறித்துள்ளார்கள்.

மருத்துவ நோக்கில் பார்த்தாலும் இச்செய்தி வியப்பளிப்பதாகும். வெள்ளி மனித உடலின் ஈரத்தில் கறுத்துக் கெடும், பொன் கெடாது. உடலோடு பகை கொள்ளாத உலோகம் எது என்னும் கேள்வி இன்றும் செயற்கைப் பல்லும் செயற்கைத் தாடையும் செய்வோர் முதலில் கேட்கும் கேள்வியேயாகும்.

அந்தலூஸியாவின் கொர்டோபா நகருக்கு அருகே, மதீனத்துஸ் ஸஹ்ராவில் வாழ்ந்து ஏறத்தாழ கி.பி. 1013இல் மறைந்த அபுல் காஸிம் அஸ்ஸஹ்ராவி, 'கிதாபுத் தஸ்ரீஃப்' என்னும் முப்பது பாகங்கள் கொண்ட நூலின் இறுதிப் பாகத்தை அறுவை மருத்துவத்துக்கென்றே ஒதுக்கினார். ஆடும் பற்களைப் பொற்கம்பியால் கட்டுவதையும், விழுந்த பல்லுக்கு மாற்றாக மாட்டெலும்பில் பல் செதுக்கிப் பொருத்துவதையும் அதில் விவரித்தார். ஏறத்தாழ இருநூறு கருவிகளின் படங்களையும் வரைந்து காட்டினார். செய்யப்போகும் வேலையை முதலில் தாளில் காட்டிவிட்டுப் பிறகு கையில் எடுக்கும் ஒழுங்கு அங்கே துலங்குகிறது.

மெழுகில் பிறந்த மூக்கு

மூக்கை உலோகத்தால் செய்து பொருத்துவது ஒரு வழி. நோயாளியின் தோலைக் கொண்டே அதனை மீண்டும் உருவாக்குவது மற்றொரு வழி. பின்னதில் உலகுக்கே ஆசானாக நின்றது நம் நாடு. சுச்ருதர் பெயரால் வழங்கும் பழைய ஆயுர்வேத நூல், இழந்த மூக்கின் அளவுக்கு ஓர் இலையை எடுத்து, அதனை அளவாக வைத்துக் கன்னத்துத் தோலை அறுத்தெடுக்கும் முறையைக் கூறுகிறது. இலை ஓர் அளவுகோல்; அதே நேரத்தில் வரப்போகும் மூக்கின் மாதிரியும் அதுவே.

1794ஆம் ஆண்டில் லண்டனில் வெளிவந்த 'ஜென்டில்மேன்ஸ் மேகஸீன்' என்னும் ஏடு இந்தியச் செய்தி ஒன்றைப் படத்துடன் வெளியிட்டது. ஆங்கிலேயர் படைக்கு மாட்டு வண்டி ஓட்டிய கவாஸ்ஜி என்பவர், 1792ஆம் ஆண்டு மைசூர்ப் போரில் திப்பு சுல்தானின் தரப்பினரிடம் சிறைப்பட்டு, மூக்கும் ஒரு கையும் துண்டிக்கப்பட்டார் என்றும், ஓராண்டளவு மூக்கின்றி வாழ்ந்தபின் பூனாவுக்கு அருகே செங்கல் சூளை மரபைச் சேர்ந்த ஒருவர் அவருக்குப் புதிய மூக்கை உண்டாக்கினார் என்றும், தாமஸ் குரூஸோ, ஜேம்ஸ் ஃபிண்ட்லே என்னும் இரு ஆங்கில மருத்துவர்கள் அதனைக் கண்டனர் என்றும் அவ்வேடு தெரிவித்தது.

அச்செய்தியில் நாம் ஊன்றி நோக்க வேண்டியது அறுவையின் முதற்படியை. மெல்லிய மெழுகுத் தகடு ஒன்றை எஞ்சிய மூக்கடியின் மீது பொருத்தி, பார்வைக்கு நல்ல மூக்காகத் தோன்றும்வரை விரல்களால் வனைந்தனர். பின்னர் அம்மெழுகை எடுத்துத் தட்டையாக்கி நெற்றியின் மீது விரித்தனர். அதன் ஓரத்தைச் சுற்றிக் கோடு போட்டனர். அக்கோட்டின்படி நெற்றித் தோலை அறுத்து, ஒரு பகுதி மட்டும் ஒட்டியிருக்க, கீழே திருப்பி மூக்காக மடித்தனர்.

இதனைச் சற்றே சிந்தித்துப் பார்ப்போம். முதலில் முகத்தின் மீதே வருங்கால மூக்கை மெழுகில் செய்து பார்த்தார்கள், அது முன்னோட்டம். பிறகு மூன்று பரிமாணமுள்ள வடிவத்தை இரண்டு பரிமாணமுள்ள தளமாக விரித்தார்கள், அது கணிதம். பின்னர் அந்தத் தளத்தையே மீண்டும் மூன்று பரிமாண உறுப்பாக மடித்தார்கள். இன்றைய கணிப்பொறி செய்யும் மூன்று வேலைகளையும், எழுத்தறிவு இருந்ததோ இல்லையோ என்று எவரும் கேட்டிராத ஒரு கைவினைஞர் ஒரு துண்டு மெழுகைக் கொண்டு செய்து முடித்தார். இச்செய்தியால் தூண்டப்பட்ட ஜோஸஃப் கார்ப்யூ என்னும் மருத்துவர் 1814இல் லண்டனில் இம்முறையைச் செய்து பார்த்து, 1816இல் நூலாக வெளியிட்டார். ஐரோப்பா முழுவதும் அதற்கு 'இந்திய முறை' என்றே பெயர் வழங்கிற்று.

ஒளியை அறிந்தவர்கள்

மெழுகு முகத்தைத் தொட்டு அளந்தது. தொடாமல் அளப்பதற்கு ஒளியின் இயல்பு தெரிய வேண்டும். அந்த வாசலைத் திறந்தவர் பஸராவில் பிறந்து கெய்ரோவில் மறைந்த இப்னுல் ஹைதம் (கி.பி. 965 - சுமார் 1040). கண்ணிலிருந்து கதிர் புறப்பட்டுச் சென்று பொருளைத் தீண்டுவதாலேயே பார்வை நிகழ்கிறது என்று கிரேக்கர் பலர் எண்ணியிருந்தனர். இப்னுல் ஹைதம் தமது 'கிதாபுல் மனாளிர்' என்னும் ஏழு பாக நூலில் அக்கருத்தை மறுத்தார். ஒளிபெற்ற பொருளின் மேற்பரப்பில் உள்ள ஒவ்வொரு புள்ளியிலிருந்தும் ஒளி எல்லாத் திசைகளிலும் பரவுகிறது. அதுவே கண்ணை வந்தடைகிறது என்று நிறுவினார். மேடு பள்ளங்களையும் தொலைவையும் கண் தானாகக் காண்பதில்லை. உள்ளம் ஒப்பிட்டும் ஆராய்ந்துமே அறிகிறது என்றும் விளக்கினார். இந்நூலின் லத்தீன் மொழிபெயர்ப்பு 1572இல் பேஸல் நகரில் அச்சேறியது.

மேற்பரப்பு என்பது ஒளி தரும் புள்ளிகளின் கூட்டம் என்னும் இக்கருத்து இன்றி இன்றைய முகப் படம் இல்லை. கணிப்பொறி காட்டும் முப்பரிமாண முகம் பல்லாயிரம் புள்ளிகளின் தொகுதியே. ஒவ்வொரு புள்ளிக்கும் இடவலம், மேல்கீழ், ஆழம் என மூன்று எண்கள்.

ஆழத்தை எவ்வாறு அறிவது? அவருடைய காலத்தவரான அல்பீரூனி இதற்கு விடை தருகிறார். இன்று பாகிஸ்தானின் பஞ்சாபில் உள்ள நந்தனாக் கோட்டைக்கு அருகில் நின்று, மலையின் உச்சியைச் சமவெளியின் இரண்டு இடங்களிலிருந்து நோக்கி, இரு கோணங்களையும் இரு இடங்களுக்கு இடைப்பட்ட தூரத்தையும் கொண்டு, ஏறாமலே மலையின் உயரத்தைக் கண்டார். பின்னர் உச்சியிலிருந்து அடிவானத்தின் தாழ்வுக் கோணத்தைக் கண்டு பூமியின் ஆரத்தையே கணக்கிட்டார்.

இதே முக்கோணக் கணக்கை நம் மண்ணும் கண்டது. 1802ஆம் ஆண்டு ஏப்ரல் 10ஆம் நாள் வில்லியம் லாம்ப்டன் என்பவர் சென்னை பரங்கிமலைக்கு அருகே ஏறத்தாழ ஏழரை மைல் நீளமுள்ள அடிக்கோட்டைச் சங்கிலி கொண்டு அளக்கத் தொடங்கினார். அளந்த அந்த ஒரு கோட்டின் இரு முனைகளிலிருந்தும் தொலைவிலுள்ள குன்றையும் கோபுரத்தையும் கோணமானியால் நோக்கி, முக்கோணத்தின் மேல் முக்கோணமாக அடுக்கி, இந்தியா முழுவதையும் அளக்கும் மாபெரும் பணி அங்கேதான் பிறந்தது.

முகத்தை அளக்கும் இயந்திரம் செய்வதும் இதுவே. இரண்டு கேமராக்கள், அவற்றுக்கு இடையே முன்பே அளந்து வைத்த தூரம். மூக்கின் நுனியை இரண்டும் வெவ்வேறு கோணத்தில் காண்கின்றன. அடிக்கோடும் இரு கோணங்களும் தெரிந்தால் மூன்றாவது முனை எங்கே என்பது தெரிந்துவிடும். பரங்கிமலையில் பல மைல்களாக நின்ற முக்கோணம் இங்கே ஒரு சாண் அளவுக்குச் சுருங்கிற்று, கணக்கு மாறவில்லை. 1944இல் ஐரோப்பாவில் இதனைப் பல் சீரமைப்புத் துறையில் சோதித்துப் பார்த்தனர். 1967இல் இங்கிலாந்தின் பர்க், பியர்ட் என்னும் இருவர் நடைமுறைக்கு உகந்த முறையாக வளர்த்தனர்.

சாந்து அச்சின் குறை

முதல் உலகப்போர் முகம் சிதைந்த வீரர்களை ஆயிரக்கணக்கில் திருப்பியனுப்பியது. இங்கிலாந்தின் ஸிட்கப் என்னும் ஊரில் 1917இல் திறக்கப்பட்ட மருத்துவமனையில் ஹெரால்ட் கில்லீஸ் அவர்களைத் தொடர் அறுவைகளால் சீர் செய்தார். அறுவையால் ஆகாதவர்களுக்கு லண்டனில் டெர்வென்ட் வுட் என்னும் சிற்பியும், பாரிஸில் அன்னா கோல்மன் லாட் என்னும் அமெரிக்கச் சிற்பி அம்மையாரும் மெல்லிய உலோக முகமூடிகள் செய்து வண்ணம் தீட்டித் தந்தனர். அர்ஃபஜா (ரலி) அவர்களின் மூக்கு பதின்மூன்று நூற்றாண்டுகளுக்குப் பின் மீண்டும் தேவைப்பட்டது.

இவ்வேலைக்கெல்லாம் முகத்தின் மீது பாரிஸ் சாந்தைப் பூசி அச்செடுத்தனர். சாந்து இறுகும்வரை கண்ணை மூடி அசையாதிருக்க வேண்டும். அதைவிடப் பெரிய குறை ஒன்றுண்டு. சாந்தின் பாரத்தால் கன்னத்துத் தசை அமுங்கும், உதடு ஒதுங்கும். எனவே அச்சில் பதிவது நோயாளியின் இயல்பான முகமன்று; சாந்தைச் சுமந்த முகம். சிறு பிள்ளைகளுக்கோ, புண்ணுள்ளவர்களுக்கோ அம்முறை கொடுமையே. அளக்கும் கருவியே அளக்கப்படும் பொருளை மாற்றிவிடக் கூடாது என்னும் நெறிதான் மருத்துவரை ஒளியின் பக்கம் திருப்பியது.

நமது பகுதியிலும் இத்தகைய சேவைக்கு வரலாறு உண்டு. 2019 வரை காஞ்சியோடு ஒரே மாவட்டமாக இருந்த செங்கற்பட்டின் தொழுநோய் மருத்துவமனையில் நோயாளிகளின் மடங்கிய கைகளைக் கண்டு மனம் நெகிழ்ந்தவர், 1946இல் வேலூருக்கு வந்த டாக்டர் பால் பிராண்ட். கைகளை மீட்கும் அறுவைகளை அவர் வேலூரில் வளர்த்தார். நோய் வற்றியபின்னும் குழிந்த மூக்கும் உதிர்ந்த புருவமும் நோயாளியை ஊருக்குக் காட்டிக் கொடுத்தன, வேலை கிடைக்கவில்லை. எனவே மூக்கையும் புருவத்தையும் சீர் செய்யும் பணியும் அங்கே நடந்தது. முகத்தைத் திருத்துவது அழகுக்காக மட்டும் என்று எண்ணுவோர் இதனை நினைவில் கொள்ள வேண்டும். பலருக்கு முகமே பிழைப்பு.

முகய்யரும் பட்டும்

இனி நம் ஊருக்கு உரிய பகுதிக்கு வருவோம். மெல்லிய பட்டுச் சல்லாத்துணி இரண்டை ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டு வெளிச்சத்தில் பிடித்தால், எந்தத் துணியிலும் இல்லாத அலை வரிகள் தோன்றி ஓடுவதைக் காணலாம். ஜவுளி வாணிபத்தில் உள்ளோர் இதனை அறிவர். இவ்வலை வரிகளுக்கு ஐரோப்பியர் இட்ட பெயர் 'முவாரே'. இச்சொல்லின் பிறப்பிடம் அரபு. தேர்ந்தெடுக்கப்பட்ட உயர்ந்த துணிக்கு அரபு வணிகர் 'முகய்யர்' என்றனர். அது ஆங்கிலத்தில் 'மோஹேர்' ஆகி, பிரெஞ்சில் 'முவார்' ஆகி, அலையோடும் பட்டுக்குப் பெயராகி, இறுதியில் அந்த அலைக்கே பெயராயிற்று.

1970இல் ஹிரோஷி தகஸாகி என்னும் ஜப்பானிய அறிஞர் இவ்வலையைக் கொண்டு மனித உடலை அளந்தார். நெருக்கமாக நூல் கட்டிய சட்டம் ஒன்றை உடலுக்கு முன்னே நிறுத்தி, ஒரு பக்கத்திலிருந்து விளக்கேற்றினால் நூல்களின் நிழல் உடல்மீது விழும். மேடு பள்ளங்களுக்கேற்ப நிழல் வளையும். வேறொரு பக்கத்திலிருந்து அந்நூல்களின் ஊடே நோக்கினால், நேரான நூலும் வளைந்த நிழலும் ஒன்றோடொன்று கலந்து முவாரே வரிகள் தோன்றும். ஒவ்வொரு வரியும் சம ஆழமுள்ள இடங்களை இணைக்கும். மலைநாட்டு வரைபடத்தில் உயரக் கோடுகள் சுற்றிச் செல்வதைப் போல. ஜப்பானில் பள்ளிப் பிள்ளைகளின் முதுகெலும்புக் கோணலைக் கண்டறிய இம்முறையைப் பெரிதும் பயன்படுத்தினர். பட்டுத் துணியின் அலை பிள்ளைகளின் முதுகைக் காத்தது.

பட்டின் கொடை அத்துடன் முடியவில்லை. காஞ்சியின் பழைய தறிகளில் சேலையின் கோலத்தை 'அடை' என்னும் நூல் அமைப்பில் கட்டி வைத்து நெய்தனர். பின்னர் ஜக்கார்டு பெட்டி வந்தது. பிரான்ஸின் பட்டு நகரமான லியோனில் ஜோஸஃப் ஜக்கார்ட் 1804இல் வெளிப்படுத்திய இயந்திரம் அது. கோலத்தைக் கட்டம் போட்ட கிராப் தாளில் வரைந்து, கட்டத்துக்குக் கட்டம் பார்த்து அட்டையில் துளை குத்துவர். துளை இருந்தால் பாவு இழை எழும், இல்லையேல் எழாது. மாங்காயும் மயிலும் 'உண்டு', 'இல்லை' என்னும் இரு சொற்களாகிவிட்டன. அந்த அட்டையைக் கண்டே இங்கிலாந்தின் பாபேஜ் தமது கணக்கு இயந்திரத்துக்கு அட்டையைக் கருதினார். 1890ஆம் ஆண்டு அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கை ஹொலரித் துளையட்டைகளால் எண்ணினார். கணிப்பொறியின் கொடிவழி அவ்வாறு வளர்ந்தது. வடிவத்தைக் கட்டங்களாக்கி, கட்டத்தை எண்ணாக்கி, எண்ணிலிருந்து மீண்டும் வடிவம் நெய்யலாம் என்னும் உண்மையை நம் நெசவாளர் வீட்டுப் பிள்ளைகள் விளையாட்டாகவே அறிவர். முகத்துக்கும் அதுவே முறை. கட்டத்தில் சாயத்துக்குப் பதில் ஆழம் இருக்கிறது, அவ்வளவே.

அதே லியோன் நகரில் 1973ஆம் ஆண்டு, பல்லின் அச்சை மெழுகோ சாந்தோ இன்றி ஒளியால் எடுக்கலாம் என்னும் ஆய்வுரையைப் ஃபிரான்ஸ்வா துரே என்னும் பல் மருத்துவர் பல்கலைக்கழகத்தில் அளித்தார். 1985இல் ஸூரிச் நகரில் மோர்மன், பிராண்டெஸ்டினி என்னும் இருவர் அதனைச் செயலுக்குக் கொண்டுவந்தனர். ஈரத்தால் பளபளக்கும் பல்லில் ஒளி சிதறும் என்பதால் வெண்பொடி தூவி, ஒளிக் கோடுகளை வீழ்த்திப் படமெடுத்து, அதன்படி பீங்கான் கட்டியைக் கடைந்து, ஒரே அமர்வில் பல்லில் பொருத்தினர். அதே எண்பதுகளில் லண்டன் பல்கலைக் கல்லூரியினர் லேஸர் கதிரால் முகம் முழுவதையும் வருடி அளந்தனர். 1971இல் ஹவுன்ஸ்ஃபீல்டின் இயந்திரம் முதல் நோயாளியின் தலையைக் குறுக்குவெட்டாகப் படம் பிடித்திருந்தது. அதற்காக அவரும் கார்மாக்கும் 1979இல் நோபல் பரிசு பெற்றனர். தோலின் பரப்பை ஒளியும், எலும்பின் வடிவைக் கதிரும் காட்ட, இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்றாகப் பொருத்தியபோது 'எலும்பை நகர்த்தினால் தோல் எங்கே செல்லும்' என்று திரையில் பார்க்கும் காலம் பிறந்தது.

நம் நாட்டின் பல் மருத்துவக் கல்விக்கு வித்திட்டவர் ஒரு முஸ்லிம் என்பதையும் இங்கே குறிக்க வேண்டும். கிழக்கு வங்காளத்தில் பிறந்து அமெரிக்காவின் ஐயோவாவில் பயின்ற டாக்டர் ரஃபியுத்தீன் அஹ்மத், 1920இல் கல்கத்தாவில் இந்தியாவின் முதல் பல் மருத்துவக் கல்லூரியை நிறுவினார். தாம் நடத்திய ஐஸ்கிரீம் கடையின் வருவாயை அதற்குச் செலவிட்டு, 1949இல் கல்லூரியை அரசுக்கே கொடையாக அளித்தார். சென்னையில் அரசின் பல் மருத்துவக் கல்வி 1953இல் தொடங்கிற்று.

கதிரும் கவசமும்

முன்னோட்டச் சிகிச்சை பல்லோடும் மூக்கோடும் நிற்பதன்று. காஞ்சியின் மைந்தர் அறிஞர் அண்ணா 1969 பிப்ரவரி 3ஆம் நாள் புற்றுநோயால் மறைந்தார். அவ்வாண்டிலேயே அவர் பெயரால் காஞ்சியை அடுத்த காரப்பேட்டையில் அரசுப் புற்றுநோய் மருத்துவமனை நிறுவப்பட்டது. அதற்கு முன்பே, 1954இல் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியால் சென்னை அடையாற்றில் புற்றுநோய் நிலையம் செயலாற்றத் தொடங்கியிருந்தது. புகையிலை போடும் பழக்கம் பரவிய நம் நாட்டில் வாய்ப் புற்றுநோய் மலிந்து கிடப்பதைச் சொல்ல வேண்டுவதில்லை.

கதிர்வீச்சுச் சிகிச்சையில் கதிர் நோயின் மீது விழ வேண்டும்; அருகிலுள்ள கண்ணையும் தண்டுவடத்தையும் உமிழ்நீர்ச் சுரப்பியையும் இயன்றவரை தவிர்க்க வேண்டும். அதுவும் ஒருநாள் அன்று. வாரக்கணக்கில் நாள்தோறும் தலை அதே இடத்தில் இருக்க வேண்டும். முற்காலத்தில் வளையும் ஈயக்கம்பியை உடலோடு ஒட்டி வளைத்து, அவ்வளைவைத் தாளில் வரைந்து கணக்கிட்டனர். பின்னர் வெந்நீரில் இளகும் பிளாஸ்டிக் வலைத் தகட்டை முகத்தின் மீது பொருத்திக் குளிரவிட்டு, நோயாளிக்கென்றே ஒரு கவசம் செய்தனர். கதிர் பாய்ச்சும் முன் அதே அமைப்புள்ள வேறோர் இயந்திரத்தில் நோயாளியைக் கிடத்தி, கதிர் செல்லும் வழியை ஒத்திகை பார்ப்பர். இன்று முன்னேறிய மருத்துவமனைகளில் ஒளிக் கேமராக்கள் தோலின் பரப்பையே கண்காணித்து, நோயாளி சிறிது அசைந்தாலும் அறிவிக்கின்றன. இங்கே அளவு பிழைத்தால் அழகு கெடுவதோடு போகாது; உயிரே ஊசலாடும்.

காட்டிய முகமும் கிடைத்த முகமும்

இவ்வளவு சிறப்புடைய கலையில் நம் குடும்பங்கள் அறிந்திருக்க வேண்டிய எல்லைகளும் உள்ளன. திரையில் காண்பது கணிப்பு, வாக்குறுதியன்று. எலும்பு எவ்வளவு நகரும் என்பதைத் துல்லியமாகக் கூறலாம். அதன் மேலுள்ள தசை அவ்வளவு கீழ்ப்படிதல் உடையதன்று. குறிப்பாக உதட்டுப் பகுதியில் கணிப்பு தவறுவது மிகுதி. தாடி மயிரும் பளபளக்கும் பரப்பும் ஒளியை ஏமாற்றும். திரையில் கண்ட முகத்தை நம்பி அறுவைக்கு உடன்பட்டு, கண்ணாடியில் வேறொரு முகத்தைக் கண்டு மனமுடைவோர் உண்டு. ஆகவே 'இது எவ்வளவு நம்பத்தக்கது, எந்த இடத்தில் பிழைக்கும்' என்று கேட்டறிவது நோயாளியின் உரிமை. உள்ளதை உரைப்பது மருத்துவரின் அமானத்.

இரண்டாவது, 'நல்ல முகம்' என்பதை எந்த அளவுகோலால் தீர்மானிக்கின்றனர் என்பது. பல் சீரமைப்பில் பெயர் பெற்ற அளவைகளுள் ஒன்றை 1948இல் டௌன்ஸ் என்னும் அமெரிக்கர் வகுத்தபோது அவர் அளந்தது இருபது வெள்ளையர் பிள்ளைகளின் முகங்களையே. அவ்வளவு கொண்டு தமிழர் முகத்தை நோக்கினால், குறையே இல்லாத உதடு முன்தள்ளியதாகக் கணக்கில் வரும். இதனை உணர்ந்த இந்திய அறிஞர்கள் நம் மக்களுக்கென அளவுகளைத் திரட்டியுள்ளனர். நிறங்களும் மொழிகளும் வேறுபட்டிருப்பதைத் தன் அத்தாட்சியாக இறைவன் திருமறையில் குறிப்பிடுகிறான். அந்த வேறுபாட்டை நோய் எனக் கருதும் இயந்திரத்துக்கு நம் பிள்ளைகளின் முகத்தை ஒப்படைக்கலாகாது.

மூன்றாவது, மார்க்கத்தின் வரம்பு. அழகுக்காகப் பற்களை அராவி இடைவெளி உண்டாக்கிக் கொள்ளும் பெண்களைக் கண்டிக்கும் ஹதீஸ் இப்னு மஸ்ஊத் (ரலி) அவர்கள் வாயிலாக வந்துள்ளது. அதற்கு விளக்கமெழுதிய இமாம் நவவீ (ரஹ்) அவர்கள், 'அழகுக்காக' என்னும் சொல்லை எடுத்துக்காட்டி, சிகிச்சைக்காகவோ பல்லில் உள்ள குறைக்காகவோ செய்வதில் குற்றமில்லை எனத் தெளிவாக்கினார்கள். உதட்டுப் பிளவோடு பிறந்த குழந்தையும், தீயில் வெந்த பெண்ணும், புற்றுநோயால் தாடையை இழந்தவரும் எப்பக்கம் நிற்கின்றனர் என்பதில் ஐயமில்லை. எக்குறையும் இல்லாத இளைஞர், திரையில் கண்ட வேறொருவர் மூக்கை விரும்புவது வேறு விஷயம்.

நம் பெண்மக்கள் முகத்தைப் படமெடுக்கத் தயங்கிச் சிகிச்சையைத் தள்ளிப்போடுவதும் உண்டு. நிர்ப்பந்தம் விலக்கப்பட்டதை ஆகுமாக்கும் என்பதும், நிர்ப்பந்தம் அதன் அளவைக் கொண்டே அளக்கப்படும் என்பதும் ஃபிக்ஹின் அடிப்படை விதிகள். முதல் விதி தயக்கத்தை நீக்குகிறது. இரண்டாவது விதி மருத்துவமனைக்கு உரியது. சிகிச்சைக்கு எடுத்த முகம் சிகிச்சைக்கே பயன்பட வேண்டும். நோயாளியின் இசைவின்றி அதனை விளம்பரத்துக்கோ வேறு வேலைக்கோ எடுத்தாள்வது நம்பிக்கைத் துரோகம். முன்னாளில் சாந்து அச்சு மருத்துவமனை அலமாரியில் கிடந்தது. இந்நாளில் எண்களாகிவிட்ட முகம் நொடியில் உலகைச் சுற்றிவிடும்.

இறுதியாக ஒன்று. பூனாவின் கைவினைஞருக்கு வேண்டியிருந்தது ஒரு துண்டு மெழுகு. இன்றைய கருவிகளோ பெரும் பொருள் வேண்டுவன. கலை வளர வளர அது ஏழையின் வாசலை விட்டு விலகிப் போகுமானால் அவ்வளர்ச்சியில் பாதி வீண். முகத்தில் குறையோடு பிறந்த பிள்ளையை வீட்டினுள் மறைத்து வளர்க்கும் குடும்பங்கள் நம் மஹல்லாக்களில் இன்னும் உள்ளன. ஜமாஅத்தார் திருமணத்துக்கும் விருந்துக்கும் திரட்டும் பொருளில் ஒரு பங்கை இத்தகைய பிள்ளைகளின் சிகிச்சைக்கு ஒதுக்கலாம். அரசு மருத்துவமனைகளிலும் பல் மருத்துவக் கல்லூரிகளிலும் உள்ள வாய்ப்புகளை விசாரித்து, அவர்களைக் கைப்பிடித்து அழைத்துச் செல்லலாம். மூக்கிழந்த தோழரின் துயரைக் கண்டு, விலக்கப்பட்ட பொன்னையும் அனுமதித்த நபியின் (ஸல்) உம்மத்துக்கு இது கடினமான காரியமா? எல்லாம் வல்ல அல்லாஹ் நமக்கு அந்த மனத்தைத் தந்தருள்வானாக!